மலையடிவாரமா, கடலோரமா?



பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலங்களுக்குச் சென்று, அங்கேயே முப்பது நாற்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட தமிழ்க் குடும்பங்களில், குடும்பத் தலைவர் ஓய்வு பெறும் காலம் நெருங்க நெருங்க ஒரு கேள்வி தலைகாட்டத் தொடங்குகிறது. இனி எங்கே இருப்பது? அலுவலகம் கொடுத்த வீட்டைக் காலி செய்தாக வேண்டும். மகன் ஒரு நாட்டில் இருக்கிறான். மகள் வேறொரு நகரத்தில் இருக்கிறாள். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையுமாக ஒரு தொகை வந்து சேர்கிறது. வாழ்நாளில் அத்தனை பெரிய தொகை ஒருசேரக் கைக்கு வருவது பலருக்கு அதுவே முதல் முறை. அதுவே கடைசி முறையும் ஆகும். அதைக்கொண்டு எங்கே ஒரு கூரையைத் தேடிக்கொள்வது என்பதை அப்போதுதான், பெரும்பாலும் அவசர அவசரமாக, நாம் முடிவு செய்கிறோம்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தைப் பூர்வீகமாக உடைய தமிழர்களுக்கு இந்தக் கேள்வி சற்று வேறு வடிவத்தில் வருகின்றது. மதுரைக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் "ஊருக்குத் திரும்புகிறோம்" என்று சொன்னால், தமிழ்நாட்டுக்குத் திரும்புகிறார்கள் என்று பொருள். நம் சித்தூர்க்காரர் அப்படிச் சொல்லிவிட முடியாது. 1911ஆம் ஆண்டில் வடஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்துச் சேர்த்த தாலுகாக்களைக் கொண்டு சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் அதனோடு சென்றது. எல்லைக் கிளர்ச்சிகளுக்கும் பேச்சுகளுக்கும் பின், 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது; சித்தூரும் திருப்பதியும் அங்கேயே நின்றன. வேங்கடத்தைத் தமிழ்கூறும் நாட்டின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் வகுத்தது ஒருபுறமிருக்க, எல்லைக்கல் நிற்பது வேறிடத்தில் அன்றோ! ஆகவே, தில்லியிலிருந்தோ நாகபுரியிலிருந்தோ சித்தூருக்குத் திரும்பும் தமிழர், ஒரு வெளிமாநிலத்தை விட்டு இன்னொரு வெளிமாநிலத்திற்கே வருகிறார். ஆனால் அது அவருடைய தாத்தாவின் ஊர்.

இவர்கள் முன்னே இன்று இரண்டு வழிகள் விரிகின்றன. திருமலையின் அடிவாரத்தில், முதியோருக்கென்றே கட்டப்படும் குடியிருப்பு ஒன்றில் ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு, சமையலையும் காவலையும் மருத்துவத்தையும் நிர்வாகத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பது ஒன்று. சென்னையில் பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ பாலவாக்கத்திலோ, கடற்காற்று வரும் அடுக்ககம் ஒன்றில், நம் வீடு நம் அடுப்பு என்று சுதந்திரமாக இருக்கலாம் என்பது மற்றொன்று. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவுதான்; காலையில் ரயிலேறினால் நண்பகலுக்குள் போய்விடலாம். ஆயினும் அவ்விரண்டு வாழ்க்கைகளுக்கும் இடையே உள்ள தூரம் அதனினும் பெரிது.

முதலில் மலையைப் பார்ப்போம். வேங்கடத்தின் மீது தமிழருக்குள்ள ஆசை நேற்று வந்ததன்று. குலசேகர ஆழ்வார் அம்மலையில் ஏதேனும் ஒன்றாகக் கிடந்தால் போதும் என்று வேண்டினார். கருவறைக்கு முன்னுள்ள வாயிற்படி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. மார்கழி பிறந்துவிட்டால் அங்கே சுப்ரபாதம் நின்று திருப்பாவை ஒலிக்கிறது. தெலுங்கு நாட்டின் நடுவே, விடியற்காலையில் ஆண்டாளின் தமிழைக் கேட்கும் பேறு வேறெங்கே கிட்டும்? வாழ்நாள் முழுவதும் ஆண்டுக்கொருமுறை, கூட்டத்தில் நசுங்கி, ஒரு கணம் கண்டு வந்த பெருமாளை இனித் தினந்தோறும் காணலாம் என்று நினைக்கும்போதே ஓய்வு பெற்றவரின் கண்கள் நனைந்துவிடுகின்றன. விளம்பரம் செய்வோர் இதை நன்கு அறிவர். அவர்கள் அச்சிடும் தாள்களில் வீட்டின் படத்தைக் காட்டிலும் கோபுரத்தின் படமே பெரிதாக இருக்கும்.

ஆனால் அடிவாரத்தில் குடியிருப்பது வேறு; நாள்தோறும் தரிசனம் செய்வது வேறு. மேலே போகச் சாலை உண்டு, பேருந்தும் உண்டு. தரிசனத்திற்கோ உள்ளூர்க்காரரும் முறைப்படிதான் செல்ல வேண்டும். அலிபிரியிலிருந்து நடைபாதையில் ஏறினால் 3,550 படிகள். அறுபது வயதில் ஒருமுறை ஏறிவிட்டு, "நம்மால் முடிகிறதே" என்று மகிழ்ந்து வீட்டுக்கு முன்பணம் கொடுத்தவர், எழுபத்தைந்து வயதில் முழங்கால்களோடு வாதாட வேண்டியிருக்கும். கூட்டம் முதியோருக்கு எத்தகைய ஆபத்து என்பதை 2025 ஜனவரியில், வைகுண்ட ஏகாதசி தரிசனச் சீட்டு வாங்கத் திருப்பதியில் திரண்ட நெரிசலில் ஆறு பேர் உயிரிழந்த நிகழ்ச்சி நினைவூட்டியது. நாம் அறிந்தவரையில், அடிவாரத்தில் நிலைத்து வாழும் பெரியவர்கள் மலைக்குச் செல்வது நாளடைவில் குறைந்து, கீழே கோவிந்தராஜரைச் சேவிப்பதே வழக்கமாகிவிடுகிறது. அதில் குறையொன்றுமில்லை. வீடு வாங்கும்போதே அது தெரிந்திருந்தால் நல்லது என்றுதான் சொல்கிறோம்.

வெயிலையும் சொல்ல வேண்டும். திருப்பதியில் வைகாசி வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது புதுமையன்று. வயது ஏற ஏறத் தாகம் எடுப்பதே மந்தமாகிவிடும் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். உடலில் நீர் வற்றுவது தெரியாமலே வற்றும். நாற்பது ஆண்டுக்காலம் பெங்களூரில் இருந்தவருக்கு இது பெருஞ்சோதனை. மழையோ ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாக வந்து கொட்டுகிறது. 2021 நவம்பரில் திருமலைச் சாலைகளில் பாறைகள் சரிந்தன; திருப்பதி நகரத் தெருக்களில் வெள்ளம் புகுந்தது; சுவர்ணமுகி கரைபுரண்டது. மலையடிவாரம் என்றால் நீருக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று எண்ணுவோர் அந்த ஆண்டை நினைத்துக்கொள்ளலாம்.

மருத்துவ வசதியைப் பொறுத்தவரை திருப்பதியைக் குறை கூற இயலாது. 1993இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞானக் கழகம் அங்கே இருக்கிறது. எலும்பு, மூட்டு நோய்களுக்கென்று தேவஸ்தானத்தாரின் 'பர்டு' மருத்துவமனை இருக்கிறது. ரூயா அரசு மருத்துவமனையும் உண்டு. சித்தூரில் இருப்பவருக்கோ, 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கி வைத்த வேலூர்க் கிறித்துவ மருத்துவமனை ஒரு மணி நேரப் பயணம். சித்தூரை அடுத்த அரகொண்டா என்னும் சிற்றூரில்தான், 2000ஆம் ஆண்டில், தொலைவிலிருக்கும் மருத்துவர் கம்பியில்லாத் தொடர்பின் வழியே நோயாளியைப் பார்க்கும் ஏற்பாடு நாட்டிலேயே முன்னோடியாகத் தொடங்கப்பெற்றது. பெரிய நகரங்களில் மட்டுமே மருத்துவம் உண்டு என்ற பழைய எண்ணம் இவ்வட்டாரத்திற்குப் பொருந்தாது.

திருப்பதியில் வீடு வைத்திருப்பவருக்கு இன்னொரு சிறப்பு உண்டு. உறவினருக்குக் குறைவே இராது. நாற்பது ஆண்டுகளாகக் கடிதம் போடாத ஒன்றுவிட்ட அத்தையின் பேரனுக்கும் முடியிறக்க வேண்டிய நாள் வரும். குடும்பத்தோடு வந்து இறங்குவான். இரவு தங்கி, விடியற்காலையில் மலைக்குப் போய், மொட்டைத் தலையில் சந்தனம் துலங்கத் திரும்பி வந்து, சாப்பிட்டுவிட்டு, லட்டில் பாதியைக் கொடுத்துப் போவான். தனிமையில் இருக்கும் முதியோருக்கு இது பெரும் பாக்கியம் என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் அத்தனை பேருக்கும் சமைப்பவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குடும்பத் தலைவர் வாசலில் நின்று வரவேற்கிறார். அறுபத்தெட்டு வயதில் அடுப்படியில் நிற்பவர் அம்மையார். முதியோர் குடியிருப்புகளில் பொதுச் சமையற்கூடம் உண்டு, விருந்தினருக்குக் கட்டணம் செலுத்தினால் சாப்பாடு வந்துவிடும் என்பது ஆண்களுக்குச் சிறிய வசதியாகத் தோன்றலாம். ஐம்பது ஆண்டுக்காலம் அடுப்பைவிட்டு நகராதவருக்கு அது விடுதலை. இந்த ஒன்றுக்காகவே சமையற்கூடம் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்த அம்மையார்கள் பலர்.

இனிக் கடலுக்கு வருவோம்.

திருத்தணியில் 1888ஆம் ஆண்டு பிறந்து, சிறுவனாகத் திருப்பதியிலே படித்து, பின்னர் வேலூரிலும் சென்னையிலும் கற்று உயர்ந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். 1967இல் குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து விடைபெற்றபோது அவர் திருத்தணிக்கும் போகவில்லை, திருப்பதிக்கும் போகவில்லை. சென்னை மயிலாப்பூரில், 'கிரிஜா' என்ற தம் இல்லத்திற்கு வந்தார். அவ்வில்லம் இருந்த எட்வர்ட் எலியட்ஸ் சாலை இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அதன் கிழக்கு முனையில் மெரினாக் கடற்கரை. 1975 ஏப்ரலில் மறையும் வரையில் அங்கேதான் வாழ்ந்தார். மனைவியார் சிவகாமு அம்மையார் 1956இலேயே காலமாகிவிட்டமையால், அந்த எட்டு ஆண்டுகளும் துணையிழந்தவராகவே அங்கிருந்தார் என்பதைப் பலர் நினைப்பதில்லை. நாட்டின் தலைவராக இருந்தவருக்குப் பணிவிடைக்கு ஆட்கள் உண்டு, நமக்கு அவ்வாறில்லை. ஆகவே அவரைக் காட்டி நாம் கடலோரத்தைப் புகழ்வதற்கில்லை. மலைநாட்டிலே பிறந்தவருக்கும் முதுமையில் கடல் பிடித்துப்போவதுண்டு என்பதற்கு மட்டுமே அவர் சான்று. மதனப்பள்ளியில் 1895இல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியும் அப்படித்தான். 1909இல் அடையாற்றுக் கடற்கரையில் லெட்பீட்டரின் கண்ணில் பட்ட அந்தச் சிறுவன், தொண்ணூறு வயதில், 1986 ஜனவரியில், இந்தியாவைவிட்டுக் கடைசியாகப் புறப்படும் முன்னரும் அதே மணலில்தான் மாலையில் உலவினார்.

கடற்காற்றின் இன்பம் கற்பனையன்று. பகலில் நிலம் விரைவில் சுடுகிறது. கடல் மெல்லவே சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, அவ்விடத்தை நிரப்பக் கடலின் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. கரையோரத்தில் பிற்பகலிலேயே அது வந்துவிடும். உள்நாட்டுக்குள் செல்லச் செல்லத் தாமதமாகித் தேய்ந்துவிடும். சித்தூர் வரையில் அது எட்டுவதில்லை. சித்திரை மாதத்துப் பிற்பகலில் பெசன்ட் நகர்த் தெருவில் அந்தக் காற்று திடீரென்று திரும்பும் கணத்தை ஒருமுறை அனுபவித்தவர், தில்லியின் புழுதிக் காற்றை மன்னிக்க மாட்டார். மாலையில் சமதளமான நடைபாதையில் ஆயிரம் பேரோடு தாமும் ஒருவராக நடக்கலாம். ஏறுவதற்குப் படி ஒன்றும் இல்லை. வேர்க்கடலைப் பொட்டலத்தோடு ஒரு சிமெண்டுத் திண்ணையில் அமர்ந்தால், பேசுவதற்கு ஆள் தானே வரும். பேசுவதும் தமிழ்.

ஆனால் அதே காற்று உப்பையும் சுமந்து வருகிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை உப்பு அரிக்கிறது; துருப் பிடித்த கம்பி பருத்து, மேற்பூச்சைப் பிளந்து தள்ளுகிறது. கட்டி இருபது ஆண்டுகளான கடலோர வீட்டின் உத்தரத்தின் அடிப்புறத்தை அண்ணாந்து பாருங்கள். விற்பவர் சொல்லாததை அது சொல்லும். சன்னல் கம்பியும் குளிர்சாதனப் பெட்டியும் மின்தூக்கியும் உள்ளூரைவிட இங்கே விரைவில் பழுதாகின்றன. கிணற்று நீர் உவர்ப்பாகலாம். மின்தூக்கி இல்லாத பழைய அடுக்ககத்தில் இரண்டாம் மாடி விலை குறைவாகக் கிடைக்கும். காற்றும் நன்றாக வரும். ஆனால் அம்மாடியிலிருந்து கடற்கரைக்குச் செல்லும் வழியில் நாற்பது படிகள் இருக்கின்றன. ஒருநாள் அவற்றை இறங்க முடியாமற் போகும்போது, கடல் 300 மீட்டர் தொலைவிலிருந்தால் என்ன, 300 கிலோமீட்டர் தொலைவிலிருந்தால் என்ன?

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நடந்ததை மறந்துவிட்டுக் கடலைப் பற்றிப் பேச முடியாது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்களை ஆழிப்பேரலை கொண்டு சென்றது. மெரினாவில் காலை நேரத்தில் நடக்க வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அதன்பின் கடலூர் மாவட்டத்தில், வீட்டையும் உறவையும் இழந்த முதியவர்களுக்கென்று ஹெல்ப்ஏஜ் இந்தியா என்னும் தொண்டு நிறுவனம் தாமரைக்குளம் என்ற பெயரில் ஒரு சிற்றூரையே அமைத்தது. முதியோர் கூடிவாழும் குடியிருப்பு என்றால் வசதி படைத்தவர்களின் புதுமோகம் என்று நினைக்கிறோம். இங்கே கடலினால் எல்லாம் இழந்த ஏழைகள் அவ்வாறு கூடிவாழ வந்தார்கள். சென்னைப் பாலவாக்கத்தில், கடலுக்கு அருகிலேயே, சாவித்திரி வைத்தி 1978இல் தொடங்கிய 'விச்ராந்தி' இல்லமும் ஆதரவற்ற முதிய பெண்களுக்குப் புகலிடமாயிற்று. ஆக, கூடிவாழ்வதும் கடலோரம் வாழ்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. திருப்பதிக்கும் இப்போது கடல் உண்டு என்று சொன்னால் நேயர்கள் வியப்படையலாம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாக அமைக்கப்பட்டபோது, நெல்லூரைச் சேர்ந்திருந்த சூளூர்ப்பேட்டைப் பகுதியும் பழவேற்காட்டு ஏரியும் ஸ்ரீஹரிகோட்டாவும் அதில் சேர்ந்தன. ஆனால் அக்கரையோரம் ஏவூர்திகளுக்கும் பூநாரைகளுக்கும் உகந்தது. ஓய்வூதியக்காரருக்கு அங்கே இடமில்லை என்பதனால் அதை விட்டுவிடுவோம்.

முதியோர் குடியிருப்பில் சேர்வது வீடு வாங்குவதைப் போன்றதன்று. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சில இடங்களில் வீட்டைக் கிரயம் செய்து தருகிறார்கள். பத்திரம் நம் பெயரில் இருக்கும். வேறு சில இடங்களில் பெருந்தொகை ஒன்றை முன்வைப்பாக வாங்கிக்கொண்டு, இருவரும் உள்ளவரை வசிக்கும் உரிமையை மட்டும் தருகிறார்கள். பின்னர் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு மீதியை வாரிசுக்குத் திருப்புகிறார்கள். எவ்வளவு கழிப்பார்கள், எத்தனை மாதத்தில் திருப்புவார்கள் என்பன எழுத்தில் இருக்க வேண்டும். எவ்வகையாயினும் மாதக் கட்டணம் உண்டு. ஓய்வூதியம் ஏறும் வேகத்தைவிட அக்கட்டணம் ஏறும் வேகம் மிகுதியாயின், பத்தாண்டுகளில் நிலைமை என்னாகும் என்று ஒரு தாளில் கணக்கிட்டுப் பாருங்கள். கட்டியவரே கடைசிவரை நடத்துவாரா, விற்றுவிட்டுப் போய்விடுவாரா? படுத்த படுக்கையானால் அதே வீட்டில் வைத்துப் பார்ப்பார்களா, வேறிடத்திற்கு அனுப்புவார்களா? நினைவு தடுமாறிவிட்டால் எவ்வாறு நடத்துவார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்பதற்குப் பெரும்பாலோர் கூசுகிறார்கள். கேட்கத் தக்க கேள்வி அதுவே.

இவ்வகையில் அரசாங்கம் ஓரளவு துணை செய்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலாகவோ கட்டி விற்போர் தம் மாநில ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். திருப்பதிக்கு ஆந்திர ஆணையம், சென்னைக்குத் தமிழ்நாட்டு ஆணையம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். 2019இல் மத்திய அரசு முதியோர் குடியிருப்புகளுக்கென்றே மாதிரி விதிமுறைகளை வெளியிட்டது. கட்டியவர், சேவை நடத்துபவர், வீடு பெறுபவர் ஆகிய மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பது அதில் தலையாய கருத்து. ஆனால் அவை வழிகாட்டிகளே. மாநிலங்கள் ஏற்று நடத்தினாலன்றிச் சட்டமாகா. திருப்பதியில் வாங்குவோர் பத்திரமும் வில்லங்கச் சான்றும் தெலுங்கில் இருக்கக்கூடும் என்பதை எதிர்பார்த்து, நம்பகமான வழக்கறிஞர் ஒருவரைக்கொண்டு வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டபின் கையொப்பமிடுவது நலம். பேசத் தெரிந்த தெலுங்கு வேறு. பத்திரத் தெலுங்கு வேறு.

இரண்டும் வேண்டாம், உள்ளதை மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அவனோடு இருந்துவிடலாம் என்போருக்கும் ஒரு சொல். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, தம்மைப் பேண வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெற வழி செய்கிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றது. எனினும், நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. மகன் மனம் வருந்துவானே என்று எண்ணி எழுதாமல் விட்ட தந்தையர் பலரை நீதிமன்ற வராந்தாக்களில் காணலாம்.

செலவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஓய்வூதியம் எங்கிருந்தாலும் வந்துவிடும்; 2014 முதல் உயிர்வாழ்ச் சான்றையும் விரல் ரேகை வைத்து வீட்டிலிருந்தே அனுப்ப இயலும். 2024 அக்டோபர் முதல் எழுபது வயதுக்கு மேற்பட்டோர் அனைவருக்கும், வருமானத்தைப் பாராமல், குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் மருத்துவமனைச் சிகிச்சைக்கான காப்பீடு கிடைக்கிறது. ஆனால் படுக்கையில் சேர்ந்தால்தான் அது பயன்படும். கையைப் பிடித்துக் குளியலறைக்கு அழைத்துச் செல்லும் ஆளின் மாதச் சம்பளத்திற்கு அது உதவாது. முதுமையின் பெருஞ்செலவு அதுவே என்பதைப் பலர் பிந்தியே அறிகிறார்கள்.

இத்தனையும் கூறிய பின்னர், மலையா கடலா என்று ஆண்கள் வாதாடும்போது நாம் கேட்க விரும்புவது ஒன்றுண்டு. இந்த வீட்டில் கடைசிவரை இருக்கப் போகிறவர் யார்? நம் குடும்பங்களில் கணவர் மனைவியைவிட வயதில் மூத்தவர். பெண்களின் ஆயுளும் பொதுவாகச் சற்று நீண்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் மனைவியை இழந்த முதியவரைவிடக் கணவரை இழந்த முதிய பெண்களின் எண்ணிக்கை மிகப் பெரிதாக இருப்பதற்குக் காரணம் அதுவே. பணத்தைக் கொடுப்பவரும் ஊரைத் தேர்ந்தெடுப்பவரும் கணவர். ஆனால் அந்த ஊரில் ஐந்தோ பத்தோ ஆண்டுகள் தனியாக இருக்க வேண்டியவர், பெரும்பான்மையான வீடுகளில், மனைவியே. அவருடைய அந்த ஆண்டுகளுக்கு ஏற்ற இடம் எது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து. காட்சியும் காற்றும் அதற்குப் பின்னர்.

இப்படிப் பார்க்கும்போது சில முடிவுகள் தலைகீழாகிவிடும். சித்தூர்த் தெருக்களில் தமிழும் தெலுங்கும் கலந்தே வழங்குகின்றன. காய்கறிக்காரியும் பால்காரரும் எம்மொழியில் கேட்டாலும் அம்மொழியில் விடை சொல்வர். அங்கே பிறந்து வளர்ந்த அம்மையாருக்கு அது ஊர். கும்பகோணத்தில் பிறந்து, மும்பையில் வாழ்ந்த அம்மையாரைத் திருப்பதியின் புறநகரில் ஒரு குடியிருப்புக்குக் கொண்டுவந்து வைத்தால், கணவர் இருக்கும் வரையில் அவருக்குக் குறைவிராது. பின்னர், இரவுக் காவலரிடம் "நெஞ்சு வலிக்கிறது" என்று சொல்வதற்கும் சொல் தேட வேண்டியிருக்கும். அத்தகையவருக்குச் சென்னையே தக்கது. அதிலும் மின்தூக்கி உள்ள கட்டடம், கீழே மருந்துக்கடை, நடந்து செல்லும் தொலைவில் ஒரு கோயில். கடல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தெலுங்கு சரளமாக வரும் அம்மையாருக்கும், சமைத்துக் களைத்தவருக்கும், கூட்டமாக அமர்ந்து பாராயணம் செய்வதில் மனம் நிறைபவருக்கும் அடிவாரத்துக் குடியிருப்பு உகந்ததாகும். கணவர் தேடிய தரிசனத்தைக் காட்டிலும், அடுத்த வீட்டிலிருந்து "அக்கா, பூக்கட்ட வருகிறீர்களா?" என்று காலையில் கேட்கும் குரலே அங்கே அவரை நிலைக்கச் செய்யும். சித்தூரில் பூர்வீக வீடு இன்னும் இருந்து, அத்தெருவில் ஒரு நாத்தனாரோ தங்கையோ இருந்தால், மலையையும் கடலையும் விட்டுவிட்டு அவ்வீட்டின் குளியலறைக்கு ஒரு கைப்பிடியும், வழுக்காத தளமும் போட்டுக்கொள்வதே உத்தமம் என்றும் சொல்லத் துணிவோம். கணவர் முந்தாமல் மனைவி முந்திக்கொள்ளும் வீடுகளும் உண்டு. காபி கலக்கவும் தெரியாமல் அறுபது வயதைத் தாண்டிய ஆடவருக்குப் பொதுச் சமையற்கூடம் உள்ள இடத்தைத் தவிர வேறு கதியில்லை என்பதை அவர்கள் கோபிக்காமல் ஏற்றுக்கொள்வார்கள் என நம்புகிறோம்.

வாங்குவதற்கு முன் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது சிறந்தது. ஓய்வு பெற்ற தொகையை அதுவரை வங்கியில் வைத்திருந்தால் குடிமுழுகிப் போகாது. சித்திரை வெயிலையும் கார்த்திகை மழையையும் ஒருமுறை அங்கே கண்டுவிட வேண்டும். தை மாதத்து இனிய காலையில் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கலாகாது. குடியிருப்பு என்றால், பார்வையாளராகச் சென்று மதிய விருந்து உண்பது போதாது. ஞாயிற்றுக்கிழமை இரவில் மணியை அழுத்தினால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார் என்று பார்க்க வேண்டும். அந்த ஓராண்டில், மாதத்தில் இரண்டு நாள் கணவர் எங்கேனும் வெளியூர் சென்று வரட்டும். அந்த இரண்டு நாளும் அம்மையார் தனியாக வங்கிக்குப் போகட்டும், மருந்து வாங்கட்டும், மின்சாரம் நின்றால் யாரை அழைப்பது என்று தாமே கண்டுபிடிக்கட்டும், இரவில் தனியே கதவைத் தாழிட்டுப் படுத்துப் பார்க்கட்டும். கணவர் திரும்பி வந்தபின், எந்த ஊரில் வீடு வாங்கலாம் என்று அவரைக் கேட்கலாம்.